மூன்று தேனீப் பெட்டிகளும் பெற்றுக்கொள்பவரின் இசைவும்

விதி நான்கு இப்படிச் சொல்கிறது: பிற ஆட்சிப் பகுதியிலிருந்து ரயிலில் வந்திறங்கும் தேனீப் பெட்டிகளுக்கு, புறப்பட்ட இடத்து அதிகாரியின் நோயின்மைச் சான்றும், பெற்றுக்கொள்பவர் தம் கையெழுத்தில் தந்த இசைவும் இணைக்கப்பட்டிருந்தால், அவற்றை இறங்கிய இடத்தில் ஒரு பகலுக்கு மேல் நிறுத்தி வைக்கலாகாது.

நல்ல விதி. நானே எழுதியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக முடித்திருக்க மாட்டேன். மலைத் தோட்டக்காரர் யாராவது கப்பலில் வரவழைக்கும் சீமைத் தேனீயோடு சீக்கும் வந்திறங்கிவிடுமே என்ற பயத்தில் எழுதியது. அதில் புதுக்கோட்டை முருங்கைப் பூவைத் தவிர வேறொன்றும் அறியாத மூன்று பெட்டிகள் மாட்டிக்கொண்டன. புதுக்கோட்டை சமஸ்தானம், பெட்டிகள் இறங்க வேண்டிய அரியலூர் இருப்பது பிரிட்டிஷ் ஜில்லாவில். நடுவில் கடல் இல்லை, கணவாய் இல்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது அயல்நாடு. முப்பத்தோரு வருஷம் சமஸ்தானக் கச்சேரியில் உழைத்து, சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, ஓய்வு பெற்ற நான் மேற்கொண்ட ஒரே வெளிநாட்டுப் பயணம் இதுதான்.

பெட்டிகள் என் மனைவி அருளம்மாளுடையவை. அவள் பதினான்கு மாதமாக அரியலூருக்குக் கிழக்கே வரதராஜன்பேட்டையில், இறந்துபோன தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பெட்டிகள் மட்டும் என்னோடு இருந்தன. ஏன் போனாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்; எனக்குப் பெருமை தரும் சங்கதி இல்லை. தவக்காலம் வந்தால் அவள் பழைய தேனடைகளை உருக்கி, துணியில் வடிகட்டி, பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாளுக்குக் கோயிலில் ஏற்றும் பெரிய மெழுகுதிரிக்கென்று மெழுகு கொடுத்து அனுப்புவாள். ஒரு வாரம் வீடு முழுவதும் அந்த வாசனை இருக்கும். கோப்பில், சட்டையில், தயிர்ச்சாதத்தில்கூட. கோப்பில் மெழுகு வாசனை வருகிறது என்று நான் குறை சொல்லியிருக்கிறேன். இந்த வருஷத் தவக்காலத்தில் கோப்பும் இல்லை, வாசனையும் இல்லை.

பெட்டிகளை அவளிடம் சேர்ப்பது, முடிந்தால் நானும் அங்கேயே தங்கிவிடுவது. இதுதான் பயணத்தின் நோக்கம். பிற்பாதியை விண்ணப்பத்தில் எழுதவில்லை. அதற்கு அதில் இடம் இல்லை.

ஒரு மாதத்துக்கு முன்பே அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. குறித்த நாளுக்குள் ஆட்சேபணை வராவிட்டால் இசைவு என்று கொள்வது கச்சேரி வழக்கம். என் கடிதத்தின் நகலில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று நானே குறிப்பு எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்து, மேயப் போன ஈக்கள் எல்லாம் அடைந்த பிறகு, வாசல்களைக் கம்பிவலையால் அடைத்தேன். மூடிகளைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தினேன். அருளம்மாள் இதைப் பத்து நிமிஷத்தில் செய்வாள். நான் நான்கு கொட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை ரயில். பெட்டிகள் கடைசியில் பிரேக் வண்டியில் ஏறின. நான் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஓடிப்போய், வண்டியின் பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். திருச்சியில் வண்டி மாறிய பிறகும் அதே ஓட்டம். எதிரே உட்கார்ந்திருந்த வெற்றிலை வியாபாரிக்குப் பொறுக்கவில்லை.

“என்னா சார், கைக்கொழந்தய பின்னால விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“தேனீ.”

“அதுக்கா இந்த ஓட்டம்? அதுக்கு றெக்கை இருக்கே சார். தொறந்து விட்டா நமக்கு முன்னாடி போயிடுமே!”

கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டே பாலத்தைக் கடந்தோம்.

அரியலூரில் இறங்கும்போது மாலை. பார்சல் கிளார்க் கோவிந்தராஜு ஒல்லியான, நிதானமான மனிதர். என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சமஸ்தான முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

“சார், எல்லாம் பக்கா. இவ்ளோ சுத்தமான பேப்பர நான் பாத்ததே இல்ல. ஒண்ணே ஒண்ணு கொறையுது. பெத்துக்கறவங்க இசைவு.”

நகலில் நான் எழுதிய குறிப்பைக் காட்டினேன்.

“இது உங்க கையெழுத்து சார்.”

அவர் சொன்னது சரி. முப்பத்தோரு வருஷத்தில் இந்த இடத்தில் நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! காகிதம் குறைந்தால் விதி ஏழு: வட்டார விவசாய டிமான்ஸ்டிரேட்டரின் உத்தரவு வரும்வரை பெட்டிகளை இறங்கிய இடத்திலேயே மூடி வைக்க வேண்டும். டிமான்ஸ்டிரேட்டர் இருப்பது பெரம்பலூரில். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது.

“காலையில வாசலத் தொறந்து விடுங்க சார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்” என்றார் கோவிந்தராஜு.

“விதி ஏழு மூடி வைக்கச் சொல்கிறதே.”

“விதிக்கு வேர்க்காது சார். ஈக்கு வேர்க்கும்.”

நான் திறக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் காப்பி குடித்தேன். யுத்தத்தில் சர்க்கரை போய்விட்டது; கருப்பட்டியும் அரைமனதாகத்தான் போட்டிருந்தார்கள். புதுக்கோட்டையிலும் இதே காப்பிதான். ஆனால் அங்கே குறையைச் சொல்லிக்கொள்ளத் தெரிந்த முகங்கள் உண்டு.

செவ்வாய்க்கிழமை கரி பஸ். பெட்ரோல் இல்லாத காலத்தின் பிள்ளை இது. பின்னால் ஓர் உலை, அதில் அடுப்புக்கரி, அந்தப் புகையில் வண்டி ஓடுகிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள். என் மடியில் ஒரு கண்ணாடிச் சீசா, வாயில் மெல்லிய துணி, உள்ளே இருபது தேனீக்கள். பரிசோதனைக்கு மாதிரி காட்ட வேண்டும் என்பது விதி ஐந்து. பக்கத்தில் கூடையோடு ஓர் அம்மாள் சீசாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“என்னாங்க அது, மருந்துங்களா?”

“தேனீம்மா. பெரம்பலூர் ஆபீசில் காட்டணும்.”

“ஏன், பெரம்பலூர்ல ஈ கெடையாதா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் நிஜமாகத்தான் கேட்டாள்.

பாதி வழியில் ஒரு சிறு மேட்டில் பஸ் நின்றது. “எல்லாரும் எறங்குங்க! வண்டிக்கு மூச்சு வாங்குது” என்றார் டிரைவர். இறங்கினோம், தள்ளினோம். உலையிலிருந்து வந்த புகை எங்கள் முகத்தில் அடித்தது. சீசாவுக்குள் இருந்த இருபதும் அடங்கிப்போய் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டன. பெட்டியைத் திறக்கும் முன் அருளம்மாள் தேங்காய் நாரைப் புகைத்து இரண்டே ஊது ஊதுவாள். “புகை வந்தா வூடு போகப் போவுதுன்னு நெனச்சுக்கும். வயித்துக்கு நெறய தேனக் குடிச்சிட்டு சும்மா இருக்கும்” என்பாள். நான் கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் உம் கொட்டுவேன்.

பெரம்பலூரில் டிமான்ஸ்டிரேட்டர் இல்லை. விதைக்கடலை விஷயமாகக் குரும்பலூருக்குப் போனவர் மறுநாள்தான் வருவாராம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் அம்மாள் நடத்தும் சாப்பாட்டு வீட்டில் தங்கினேன். சோளச் சோறு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. எங்கள் பக்கம் சோளம் மாட்டுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

“எந்த ஊருங்க?”

“புதுக்கோட்டை.”

“அம்மங்காசு அடிக்கிற ஊரா! சம்சாரம், புள்ளைங்க?”

“பிள்ளைகள் இல்லை. அவள் வரதராஜன்பேட்டையில்.”

அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “நீங்க புதுக்கோட்டையில, அவுங்க வரதராஜன்பேட்டையில. அவுங்களப் பாக்கப் போற மனுசன் பெரம்பலூர்ல குந்திக்கிட்டு சோறு திங்கிறீங்க. நேர் வழிதான்!”

நடைமுறையை அவளுக்கு விளக்கலாமென்று வாயெடுத்தேன். அவள் மோர் ஊற்றப் போய்விட்டாள்.

புதன்கிழமை மதியம் டிமான்ஸ்டிரேட்டர் வந்தார். இளைஞர், நல்ல பிள்ளை. கடலை மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை. சீசாவை ஒரு முழத் தூரத்திலிருந்தே பரிசோதித்தார்.

“நெல்லு, சோளம், கடலைன்னா பாத்துடுவேன் சார். ஈ எங்க பாடத்துல ரெண்டே பக்கம். பரீட்சையில வராதுன்னு விட்டுட்டேன்.” பிறகு காகிதங்களைப் பார்த்தார். “சான்று இருக்கு. முத்திரை இருக்கு. இசைவு மட்டும்... பெத்துக்கறவங்க யாரு சார்?”

“என் மனைவி.”

“அட, வூட்டுக்காரம்மாவா!” அவர் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். “அப்ப என்ன சார், அவங்க பேர நீங்களே போட்டுடுங்க. யாரு பாக்கப் போறா? இப்பவே உத்தரவு எழுதிடறேன்.”

அவளுடைய கையெழுத்து எனக்குத் தெரியும். ‘அ’வின் சுழியைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவாள். ஒரு நொடியில் போட்டிருக்கலாம். அவள் இதுவரை சொல்லாத எத்தனையோ சம்மதங்களை நான் அவளுக்காகச் சொல்லியிருக்கிறேன். பேனா கையில் இருந்தது. மை உலர்ந்துபோகும் அளவுக்கு அதை வைத்துக்கொண்டிருந்தேன்.

“அவளே போடட்டும்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விதியை மதிக்கும் பெரியவர் என்று நினைத்திருப்பார். பார்சல் ஆபீசிலிருந்து எடுத்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வைத்து, வாசலைத் திறந்துகொள்ளலாம் என்று மட்டும் எழுதித் தந்தார். இசைவு வந்ததும் கோவிந்தராஜுவிடம் காட்டிவிட்டு எடுத்துப்போகலாம். இசைவுக்கான படிவத்தில் நான்கு நகல்களும் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து அருளம்மாளுக்குக் கடிதம் எழுதி, ஒரு நகலை இணைத்துத் தபாலில் சேர்த்தேன்.

கோவிந்தராஜுவுக்குத் தெரிந்த காதர் ராவுத்தர் ஸ்டேஷனுக்குப் பின்னால் கடலை மண்டி வைத்திருந்தார். கொல்லையில் நாலு வேப்பமரம், பூ விடத் தொடங்கியிருந்தது. புதன் மாலை கட்டை வண்டியில் பெட்டிகளோடு போய் நின்றேன்.

“வாங்க, வாங்க சிரஸ்தார்! தேனீ வந்தா வூட்டுக்கு பரக்கத்து. எத்தன நாளு வேணாலும் இருக்கட்டும். நீங்களும்தான்.”

வியாழன் விடிந்ததும் வாசல்களைத் திறந்தேன். இரண்டு பெட்டிகளில் ஈக்கள் வெளியே வந்து, வாசலைப் பார்த்தபடியே பின்னால் பறந்து இடத்தை அடையாளம் பார்த்துக்கொண்டன. முதல் பெட்டிதான் பெரிய குடும்பம். அதிலிருந்து தேன் ஒழுகிற்று. மூடியைத் தூக்கினேன். மூன்று நாள் வெக்கையில் மெழுகு இளகி, நடு அடைகள் இரண்டும் சரிந்து, புழுவும் தேனும் ஈயுமாக அடியில் கிடந்தன. நான் இல்லாதபோது கோவிந்தராஜு வேளை தவறாமல் சாக்கை நனைத்திருக்கிறார். ஆனால் வாசலைத் திறக்க அவருக்கு நான் அனுமதி கொடுத்திருக்கவில்லை.

நான் ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றேன். அவளாக இருந்தால் சரிந்த அடையை வெட்டி, வாழைநாரால் சட்டத்தில் கட்டியிருப்பாள். அவள் அப்படிக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதாவது, அவள் கட்டும்போது அங்கே இருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பகல் தொழுகை முடிந்து ராவுத்தர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. தவக்காலத்து வெள்ளி, மாம்சம் கூடாது என்று தயங்கிச் சொன்னேன்.

“உங்களுக்கும் நோன்பா?”

“சாப்பிடலாம். கறி மட்டும் இல்லை.”

“அது என்னாங்க நோன்பு, சட்டத்துல பொந்து விட்ட மாதிரி!” என்று சிரித்துக்கொண்டே தயிர்ச்சோறு சொல்லி அனுப்பினார்.

கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்தேன். முதல் பெட்டியிலிருந்து ஈக்கள் கயிறு திரித்தாற்போல் வெளியே வந்துகொண்டிருந்தன. கொல்லை முழுவதும் இரைச்சல். வேப்பமரத்துக்கு மேலே ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு மொத்தமாக நகர்ந்தன. நான் எச்சில் கையோடு வேலி வரை ஓடினேன். ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டன. வரதராஜன்பேட்டையும் கிழக்கேதான். சான்று இல்லை, முத்திரை இல்லை, யாருடைய இசைவும் இல்லை.

ராவுத்தர் பின்னால் வந்து நின்றார். அவரும் கிழக்கே பார்த்தார். பிறகு, “கைய களுவிட்டு வாங்க” என்றார்.

திங்கட்கிழமை வரை பதில் இல்லை. படிவத்தோடு இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தேன். ராவுத்தர் கடலையை உரித்து வாயில் போட்டபடி, “சம்சாரத்துக்கா? ரகசியம் இல்லேன்னா படிங்க, கேப்போம்” என்றார். படித்தேன்.

“பார்வை: என் இம்மாதம் இருபத்திரண்டாம் தேதியிட்ட கடிதம். மேற்படி பொருள் குறித்து, இணைக்கப்பட்டுள்ள படிவத்தில் தங்கள் இசைவை ஒப்பமிட்டு, தாமதமின்றி...”

“நிறுத்துங்க, நிறுத்துங்க. மொத லெட்டரும் இப்புடித்தானா?”

“இதைவிடக் கொஞ்சம் விரிவாக.”

“இது சம்மன் மாதிரியில்ல இருக்கு! எங்க வூட்டம்மாவுக்கு இப்புடி எழுதினா வக்கீல வச்சு பதில் போடும்.”

இருந்தாலும் அனுப்பினேன். வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை. தினம் காலை தபால் நேரத்துக்கு ஸ்டேஷன் பக்கம் போவேன். தபால்காரர் தூரத்திலேயே கையை விரிப்பார். கச்சேரி நாட்களில் வராந்தாவில் இப்படி நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று அவர்களிடம் நான் சொல்வதுண்டு. இங்கே அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. பின்பொழுதில் மீதி இரண்டு பெட்டிகளின் அருகே உட்கார்ந்திருப்பேன். ஈக்கள் கால்களில் மஞ்சள் மகரந்தத்தோடு வந்திறங்கும். உள்ளே வரும் ஒவ்வொன்றும் ஏதாவது கொண்டுவருகிறது என்று அவள் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. காலியான பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். மெழுகு வாசனை. பதினான்கு மாதமாக நான் எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது விளங்கிற்று.

வியாழக்கிழமை மூன்றாவது கடிதம் எழுதினேன். பார்வை, பொருள், எண் எதுவும் போடவில்லை. ராவுத்தரிடம் படித்துக் காட்டவும் இல்லை.

சென்ற வருஷத்துக்கு முந்தின மார்கழியில், அவள் அண்ணன் உடம்பு மோசமாகிவிட்டது, தங்கையைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த வாரம் என் பென்ஷன் கணக்கைச் சரிபார்க்கும் வேலை இருந்தது. முடிந்ததும் முறைப்படி இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒன்பது நாள். பிறகு அவளிடம் கொடுத்தேன். நாங்கள் போனபோது கல்லறையில் போட்ட பூ வாடியிருந்தது. அவள் அழுது முடித்த பிறகு, கடிதத்தை எடுத்து மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் தனியாகப் புதுக்கோட்டைக்குத் திரும்பினேன்.

இதைத்தான் எழுதினேன். ஒன்பது நாள் வைத்திருந்தது நான் என்று எழுதினேன். முறை என்று அப்போது நினைத்ததையும், இப்போது அப்படி நினைக்க முடியவில்லை என்பதையும் எழுதினேன். பெரிய பெட்டியை நான் மூன்று நாள் மூடி வைத்ததால் ஈக்கள் போய்விட்டன, மீதி இரண்டுதான் என்றும் எழுதினேன். பதில் எழுதாவிட்டாலும் பெட்டிகள் அவளுடையவைதான், ராவுத்தர் கொல்லையில் பத்திரமாக இருக்கும், யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று முடித்தேன். மூன்றாவது படிவத்தையும் உறைக்குள் வைத்தேன், அதைக் குறிப்பிடவில்லை.

குருத்தோலை ஞாயிறு வந்தது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத பூசையில் ஓலையை வாங்கிக்கொண்டு திரும்பி, அதைக் காலிப் பெட்டியின் மேல் வைத்தேன். மறுநாள் காலை தபால்காரர் கையை விரிக்கவில்லை.

உறைக்குள் படிவம் மட்டும் இருந்தது. அச்சிட்ட வரிகளுக்கு நடுவே இருந்த சிறு இடத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்:

“இரண்டு பெட்டிகளையும் ஒரு காலிப் பெட்டியையும் பெற்றுக்கொள்ள எனக்குச் சம்மதம். காலிப் பெட்டியைக் கழுவிவிட வேண்டாம். மெழுகு வாசனை இருந்தால் முந்திரித் தோப்பில் வைத்தவுடன் வேறு ஈ தானாக வந்து ஏறும். கூட வரும் ஆளைப் பற்றி எழுத இந்தப் படிவத்தில் இடம் இல்லை. பாஸ்காத் திரிக்கு மெழுகு உருக்க வேண்டும். வடிகட்டும் துணியைப் பிடிக்க ஒரு ஆள் குறைகிறது. பெரிய வியாழனுக்குள் வரவும்.”

கீழே பெயர். ‘அ’வின் சுழி பெரிதாக இருந்தது.

கோவிந்தராஜு படிவத்தை இரண்டு முறை படித்தார். “சார், இசைவு சுத்தமா இருக்கு” என்றார்; பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ராவுத்தர் மாட்டு வண்டிக்குச் சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்ததும் வாசல்களை அடைக்க வேண்டும். காலிப் பெட்டியின் வாசலைத் திறந்தே வைக்கலாம்.

அவள் மேலே இட்டிருந்த தேதியைப் பார்த்தேன். சனிக்கிழமை. என் கடிதம் அவள் கைக்குச் சேர்ந்திருக்கக்கூடிய முதல் நாள் அதுதான். அவள் அதை ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை.

பழக்கம் போகவில்லை. பேனாவை எடுத்துப் படிவத்தின் மூலையில் எழுதினேன்:

வரப்பெற்றது, 3-4-44.